சிற்றாடை சாத்தும் நேரம்

முகத்தை மறைத்துக்கொண்டு பகையாளி கூட்டத்துக்குள் நுழைய இந்தக் காலத்தில் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் காய் நறுக்க ஆள் தேடினால் போதும். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி, வாய்க்கு மாஸ்க், மேலே ஒரு ஏப்ரன் என்று எல்லாவற்றையும் அவரே கொடுத்துவிடுவார். மாட்டிக்கொண்டு நின்றால் பெற்ற தாய்க்கே ஆள் யாரென்று தெரியாது.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த காலைப் பொழுதில், வடகரை சங்கரேஸ்வரி அப்படித்தான் மன்சூரின் ஆட்டோவில் பண்பொழிக்கு மேற்கே வந்து இறங்கினாள். தென்னந்தோப்புக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்செட்காரன் காலையிலேயே தொண்டையைத் திறந்துவிட்டிருந்தான். செண்பகக் கன்னிக்குக் கொடைத் திருவிழா. சங்கரேஸ்வரியின் பிறந்த வீட்டுக் குலதெய்வம்தான். ஆனால் அந்தக் கோயில் எல்லைக்குள் அவள் காலை வைக்கக் கூடாது என்று சொல்லி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மன்சூர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துச் சிரித்தான். அவன் அவளுக்குப் பக்கத்துத் தெரு. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் ஒருவன், காய் நறுக்க வழக்கமாகப் போகும் கிருபா இன்னொருத்தி. கிருபா காய்ச்சல் என்று காண்ட்ராக்டரிடம் போனில் இருமிக் காட்டிவிட்டு, பதிலுக்கு ‘மீனா’ என்று ஒரு ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

“அக்கா, எம் பையன் பாக்க ஜப்பான் கார்ட்டூன்ல ஒருத்தன் வருவான். நிஞ்சாவாம். கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். எதிரி கோட்டைக்குள்ள பூந்து வேலைய முடிச்சிட்டு வந்துருவான். நீங்க அச்சு அசலா அப்படியே இருக்கீக.”

“அகப்பட்டுக்கிட்டா என்ன செய்வானாம்?”

“புகைய விட்டுட்டு மாயமா மறைஞ்சிருவான்.”

“எங்கிட்ட ஒரு சாம்பிராணி கூட இல்லடே. நீ வண்டிய அந்தத் திருப்பத்துல போட்டு வையி. நான் ஓடியாந்து ஏறுனா கேள்வி கேக்காம எடு” என்றாள் சங்கரேஸ்வரி. சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அவள் திருட வந்திருந்தது நகையோ உண்டியலோ இல்லை. ஒரு பிடி மண். தெய்வம் இருக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் வேறு இடத்தில் பீடம் போட்டால் அங்கேயும் அந்தத் தெய்வம் குடியேறும். பிடிமண் என்பார்கள். அது இல்லாமல் எத்தனை பெரிய கோபுரம் கட்டினாலும் அது வெறும் செங்கல் அடுக்கு என்பதுதான் இந்தப் பக்கத்து நம்பிக்கை. சங்கரேஸ்வரிக்கும் அதில் இம்மியும் சந்தேகம் கிடையாது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிற தகரக் கொட்டகை அவளுடையது. சீசனுக்கு வருகிற மதுரைக்காரர்களும் மலையாளிகளும் எத்தனை கறாராகப் பேரம் பேசினாலும் சிரித்த முகமாகவே அவர்களைக் கவிழ்த்துவிடுவாள். சாயம் போகுமா என்று கேட்டால், “அருவித் தண்ணி வேணா போவும், இந்தச் சாயம் போவாது” என்பாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அந்தக் கொட்டகையை வைத்துத்தான் ஒரே மகள் குழல்வாய்மொழியைப் பிசியோதெரபி படிக்க வைத்தாள். மகளுக்கு இப்போது கொச்சியில் வேலை. ஆவணியில் கல்யாணம். நினைத்ததை முடிக்காமல் விடுகிற பிறவியில்லை சங்கரேஸ்வரி என்பது அந்த ரோட்டில் கடை போட்ட எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்தில்தான் சிக்கல். அந்தக் குடும்பத்துப் பெண்ணோ பெண் வயிற்றுப் பெண்ணோ, யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் எடுக்கிற சேலை கன்னியின் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் பெண்ணின் மேல் ஏற வேண்டும். சங்கரேஸ்வரிக்கு அது வாய்க்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு முந்தின கொடையில்தான் சண்டை வந்தது. கன்னிக்குச் சாத்துகிற சிற்றாடைத் தாம்பாளத்தை யார் ஏந்துவது என்று அவள் அப்பாவுக்கும், அப்பாவின் சித்தப்பா மகன் ஆவுடைநாயகத்துக்கும் இழுபறி. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தாம்பாளம் கவிழ்ந்து சிற்றாடை சகதியில் விழுந்தது. அப்பா கை நீட்டிவிட்டார். ஊரே பார்க்க ஆவுடைநாயகத்தின் கன்னத்தில் ஓர் அறை. அன்றோடு அந்த வீட்டுக்குக் கோயில் கதவு சாத்தப்பட்டது. கன்னி காலைத் தொடாத சேலையைக் கட்டிக்கொண்டுதான் சங்கரேஸ்வரி மணையில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கெல்லாம் உடம்பு கூசிக்கொண்டே இருந்தது அவளுக்கு. அந்தக் கூச்சம் மகளுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

முறையாகக் கேட்காமலும் இல்லை. பங்குனியில் தட்டு, பழம், வெற்றிலையோடு நேரே ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போனாள். கோயில் வேண்டாம், மரியாதை வேண்டாம், ஒரு பிடி மண் கொடுங்கள், வடகரையில் என் தோட்டத்தில் சின்னதாக ஒரு பீடம் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். கிழவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“உங்க அப்பன் அடிச்ச அடி இன்னும் இந்தக் கன்னத்துல சுடுது. அவன எழுப்பிக் கூட்டிட்டு வா. வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் மண்ணு தாரேன்” என்றார். அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதே சங்கரேஸ்வரி முடிவு செய்துவிட்டாள், கேட்டால் தராததை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று.

எடுப்பது எப்போது என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். ஆறேழு தலைமுறைக்கு முன்னால் செண்பகம் என்கிற பெண் ஓடையில் குளிக்கப் போனவள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனாள். உடல் கரை ஒதுங்கியபோது மேலே துணி இல்லை. முதலில் ஓடிப்போன பெண்கள் எல்லோரும் சட்டென்று முதுகைக் காட்டி வட்டமாக நின்றுகொள்ள, ஒருத்தி மட்டும் தன் சேலையைக் கிழித்து அவளுக்குப் போர்த்தினாளாம். அந்தச் செண்பகம்தான் கன்னி. இன்றைக்கும் மத்தியானக் கொடையில் சிற்றாடை சாத்துகிற நேரத்தில் மேளம் நிற்கும். திரை விழும். ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். திரைதான் மறைக்கிறதே என்று குடும்பத்துப் பெண்கள் சும்மா நிற்பதில்லை. மணி ஒரு தடவை அடித்ததும் அத்தனை பேரும் கன்னிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். மறுபடி மணி அடிக்கும்வரை ஒரு தலை திரும்பாது. இதை யாரும் மைக்கில் சொல்வதில்லை, எங்கும் எழுதிப் போடவுமில்லை. வீட்டுப் பெண்களுக்கு நடக்கப் பழகுகிற வயதிலேயே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம் அது.

அந்த நேரத்தில் பொங்கல் பானையோடு சமையல் ஆள் ஒருத்தி மட்டும் பீடத்துக்குப் பக்கத்தில், திரைக்கு வெளியே நிற்பாள். வெளி ஆள்தானே, அவள் நிற்கலாம். கோயில் முழுக்க டைல்ஸ் பதித்தாயிற்று என்றாலும் பீடத்தின் அடியில் ஒரு சாண் அகலம் மண்ணை அப்படியே விட்டிருந்தார்கள், கன்னி பாதம் மண்ணில் பட வேண்டும் என்று. எல்லோரும் முதுகைக் காட்டி நிற்கையில் குனிந்து ஒரு கரண்டி அள்ளி மடியில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. இந்த யோசனை மனதில் உதித்த அன்று சங்கரேஸ்வரிக்குத் தன்னை நினைத்தே பெருமை தாங்கவில்லை.

சமையல் கொட்டகையில் காண்ட்ராக்டர் தில்லைநாயகம் வந்ததும் வராததுமாக ஒரு மலை பூசணிக்காயை அவள் முன்னால் உருட்டிவிட்டார்.

“ஏ மீனா, கிருபா மாதிரி பேசிப் பேசி நேரத்தக் கழிக்காத என்னா. கை மட்டும் ஓடட்டும்.”

“செரி அண்ணாச்சி” என்றாள் குரலைத் தாழ்த்தி. தெரிந்த குரல் என்று யாராவது திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே.

காய் நறுக்கிக்கொண்டே எல்லாரையும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சிறுமிகள் எல்லாம் பிள்ளை பெற்றவர்களாகியிருந்தார்கள். ஆவுடைநாயகத்தின் மகள் பிரமு, தலையில் பாதி நரையோடு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே வயதுக்காரிகள் இருவரும். ஒரே நாளில் பூப்பெய்தி ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள். பிரமுவின் புருஷன் வீட்டோடு வந்துவிட்டதால் கோயில் பொறுப்பெல்லாம் இப்போது அவள் கையில்தான். பார்த்ததும் ஏட்டி பிரமு என்று வாய்வரை வந்த வார்த்தையைச் சங்கரேஸ்வரி மாஸ்க்குக்குள்ளேயே கடித்து விழுங்கினாள்.

பத்து மணி வாக்கில் ஆவுடைநாயகமே கொட்டகைக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து நேராக அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டார்கள். சோதனை என்றால் இதுவல்லவா சோதனை!

“புது ஆளா இருக்கே. நீ எந்த ஊரும்மா?”

“புளியரை அண்ணாச்சி.”

சித்தப்பா என்று கூப்பிட வேண்டிய மனுஷனை அண்ணாச்சி என்றபோது அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பகைதான், இருந்தாலும் சுருக்கென்றது. கிழவர் அவள் கண்களையே பார்த்தார்.

“எங்கயோ பாத்த கண்ணு மாதிரி இருக்கு. எதுக்கு இப்படிக் கலங்குது?”

“அடுப்புப் புகை அண்ணாச்சி.”

“தில்லைநாயகம், என்னவே நீரு! இந்தப் பிள்ளைக்குக் காப்பி குடுத்தீரா? காலைலேருந்து ஒத்தையில கெடந்து நறுக்குதா” என்று அதட்டிவிட்டு எழுந்து போனார். காப்பி வந்தது. பகையாளி வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிப்பதா வேண்டாமா என்று அவள் கொஞ்ச நேரம் தவித்தாள். அப்புறம் ஆள் இல்லாத பக்கம் திரும்பி மாஸ்க்கை விலக்கிக் குடித்துவிட்டாள். பசி வேறு. ஆனால் பங்குனியில் அவர் சொன்ன சொல்லை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லி மனதை இறுக்கிக்கொண்டாள்.

மத்தியானம் படைப்புக்கு எல்லாம் தயார். சர்க்கரைப் பொங்கல் பானையைத் தூக்க யார் என்று தில்லைநாயகம் கேட்டு முடிப்பதற்குள் சங்கரேஸ்வரி பானையைத் தூக்கியிருந்தாள். மடியில் மஞ்சள் துணி, இடுப்பில் செருகிய சின்ன இரும்புக் கரண்டி. படி ஏறினாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு கன்னி முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறாள். மூக்குத்தி அதே மூக்குத்தி. கும்பிடக்கூட முடியவில்லை, கையில் பானை. ‘ஆத்தா, திருடத்தான் வந்திருக்கேன். உன்னத்தான் கூட்டிட்டுப் போப்போறேன். சத்தம் போட்டுறாத’ என்று மனதுக்குள் சொல்லிப் பானையைப் பீடத்தின் பக்கத்தில் இறக்கினாள்.

மேளம் நின்றது. ஆண்கள் வெளியேறினார்கள். திரைக்குள் ஒரு கிழவி சிற்றாடைத் தாம்பாளத்தோடு நுழைந்தாள். சங்கரேஸ்வரி பானையைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்து உட்கார்ந்து, கரண்டியை உருவி, திரைக்குக் கீழே பீடத்தின் அடியில் கையை விட்டாள். மண் விரலில் பட்டது. சில்லென்று ஈரமாக இருந்தது. இனி ஒரே ஒரு அள்ளு.

மணி அடித்தது.

அவள் எழுந்தாள். எழுந்து, கன்னிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையைக் குனிந்து நின்றாள்.

நின்ற பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. கரண்டி வெறுமையாக இடுப்புக்கே திரும்பியிருந்தது. அடிப் பாவி! இதற்காகத்தானே இத்தனை பாடு, இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே ஆடியெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தாய், திரும்பு, குனி, அள்ளு என்று தன்னையே திட்டினாள். எதிரே வரிசை வரிசையாகப் பெண்களின் முதுகுகள், பின்னல்கள், கொண்டைகள், பூக்கள். ஒருத்தியும் பார்க்கவில்லை. இப்போது திரும்பினாலும் போதும். பின்னால் திரைக்குள் துணி சரசரக்கிற சத்தம் கேட்டது. கன்னி, ஒரு சின்னப் பெண், அங்கே துணி மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கம் எப்படித் திரும்புவது? முடியவில்லை. செத்தாலும் முடியாது என்று தெரிந்தது. மாஸ்க் நனைய நனைய அழுதாள்.

மறுபடி மணி அடித்தது. பெண்கள் எல்லோரும் குலவையோடு திரும்பினார்கள். முன்வரிசையில் நின்ற பிரமு மற்றவர்களைவிட ஒரு நொடி முந்தித் திரும்பிவிட்டாள். கன்னியைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு நேர் எதிரே, சமையல்காரி ஒருத்தி முதுகைக் கன்னிக்குக் காட்டிக்கொண்டு, மாஸ்க்குக்கு மேலே கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். வெளி ஆள் யாருக்கும் திரும்பத் தெரியாது. பிரமுவின் குலவை பாதியில் நின்றது.

தீபாராதனை முடிந்ததும் அவள் நேரே வந்து சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்தாள். மறு கையால் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

“ஏட்டி சங்கரி!”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆவுடைநாயகத்தைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தில்லைநாயகம், “எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி, மீனான்னுதான் சொன்னா” என்று எல்லோரிடமும் புலம்பினார். சங்கரேஸ்வரி தொப்பியைக் கழற்றினாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

“மண்ணெடுக்க வந்தேன் சித்தப்பா. கேட்டேன், தரல. அதான் எடுக்க வந்தேன். எம் மவ சேல கன்னி காலத் தொடாம ஏறக்கூடாது. என்ன அடிக்கணும்னா அடிங்க. எங்கப்பா அடிச்சதுக்கும் சேத்து அடிங்க.”

“மடிய உதறு” என்றார் கிழவர்.

உதறினாள். மடித்த மஞ்சள் துணி விழுந்தது. கரண்டி டைல்ஸில் கிணுங்கிக்கொண்டே போய் நின்றது. ஒரு பொட்டு மண் இல்லை.

கிழவர் துணியையும் கரண்டியையும் பார்த்தார். பிரமுதான் பேசினாள்.

“யப்பா, நாங்க அத்தன பேரும் முதுகக் காட்டி நிக்கோம். ஆம்பளயாளு ஒருத்தரும் உள்ள இல்ல. கரண்டி இடுப்புல இருக்கு, மண்ணு காலடியில இருக்கு. களவாங்க வந்தவ எதுக்கு எடுக்காம திரும்பி நிக்கா? ஒம் பேத்திக ரெண்டு பேரும் திரும்பி நின்னுக்கிட்டே செல்போன நோண்டிக்கிட்டு இருந்தாளுவ. இவ அழுதுக்கிட்டு நிக்கா. நீயே சொல்லு, இவ களவாணியா?”

ஆவுடைநாயகத்தின் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தடவியது. “எங் கையால தரமாட்டேன். அது என்னால ஆவாது” என்றார். பிறகு பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு, “ஏலே, இந்த நாற்காலிய அங்கிட்டுத் திருப்பிப் போடு” என்றார். திருப்பிப் போட்டார்கள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி, தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரமுவுக்கு அது போதும். பீடத்தின் அடியில் குனிந்து வெறுங்கையால் மண்ணைத் தோண்டினாள். மஞ்சள் துணியை உதறிச் சங்கரேஸ்வரியின் ஏந்திய கைகளில் விரித்து, ஒரு பிடி மண்ணை அதில் வைத்தாள். சங்கரேஸ்வரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். அவள் நினைத்தது நடந்துவிட்டது.

“பிடிமண் குடுத்தாச்சு” என்று பிரமு கூட்டத்துக்குக் கேட்கும்படிச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. “இனி ஒன் கோயில் வேற, எங்க கோயில் வேற. ஒனக்கு இங்கன பாத்தியத இல்ல. தெரியும்லா?”

தெரியும். பிடிமண் வாங்கியவர்கள் தாய்க்கோயிலில் உரிமை கேட்கக் கூடாது. கேட்டு வந்தபோதும் தெரியும், திருட வந்தபோதும் தெரியும். ஆனால் அது இப்படி வலிக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. வடகரைத் தோட்டத்தில் அவள் திரும்பி நிற்பாள். சொல்லிக்கொடுத்தால் மகளும் நிற்பாள். இந்த வரிசை, இந்தக் கொண்டைகள், இந்தப் பிரமு அங்கே இருக்க மாட்டார்கள். இத்தனை வருஷமும் தனக்கு வேண்டியிருந்தது மண் மட்டும்தானா என்று அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துணியை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள்.

“ஏட்டி, எங்க போற?” என்றாள் பிரமு பின்னாலிருந்து. “கொட இன்னும் முடியல. கடைசிப் பூச கெடக்கு. அது முடியுமட்டும் நீ எங்க வீட்டுப் பிள்ளதான். வரிசையில வந்து நில்லு.”

சங்கரேஸ்வரி திரும்பி வந்து முன்வரிசையில் பிரமுவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஏப்ரனைக் கழற்றவும் மறந்துபோனாள். மேளம் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவளும் நாக்கைச் சுழற்றினாள். எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காத குலவை, பாதி வழியில் உடைந்து கிறீச்சென்று வந்தது.

“என்னட்டி இது, கோழியப் பிடிச்ச மாதிரி?” என்றாள் பிரமு கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மறுபடி போடு. கன்னிக்குக் கேக்கணும்.”

சங்கரேஸ்வரி மறுபடி போட்டாள். தோப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த ஆவுடைநாயகத்துக்கும் அது கேட்டது.